குடிக்கூலிப் பணமும் அதன் பங்காளிகளும்

கையிலிருக்கும் காசு கரைந்துவிடும். நகையாக மாற்றினால் சேதாரத்தில் தேய்ந்துவிடும். வீடாக மாற்றினால் மட்டும் மாதந்தோறும் குட்டி போடும் என்னும் நம்பிக்கை நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. தோட்டத்தில் கங்காணியாகவோ கிராணியாகவோ இருந்து நாலு காசு சேர்த்தவரும், பட்டணத்தில் கடை வைத்துப் பிழைத்தவரும், வயதான காலத்தில் உட்கார்ந்து உண்பதற்கு ஒரு வாடகை வீடு போதும் என்றே கருதி வந்திருக்கின்றனர். இக்கருத்து முற்றிலும் பிழை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வீடு வாங்குபவர் வரப்போகும் வாடகையை எண்ணுகிற அளவுக்கு, அவ்வாடகையின்மீது தமக்கு முன்னதாகவே கை வைத்து நிற்கும் பங்காளிகளை எண்ணுவதில்லை. கடன் கொடுத்தவர், வரி வாங்கும் சர்க்கார், வாடகைக்கு வரம்பு கட்டும் சட்டம் ஆகியோர் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது எதுவோ அதுவே சொந்தக்காரருடையது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடந்த நூறாண்டுகளில் இப்பங்கீடு எவ்வாறு நடந்தது என்பதை அறிந்தவர், பத்திரத்தில் கையெழுத்திடுமுன் சற்றே நின்று யோசிப்பார்.

முதலில் கடனைப் பார்ப்போம். இன்று வீட்டுக்குக் கடன் என்றால் பாங்கு என்பர். முன்னாளில் ஐரோப்பியர் நடத்திய பாங்குகளின் வாயிற்படியை ஒரு சாதாரணச் சீனக் கடைக்காரரோ, மலாய் நிலக்காரரோ, தமிழ்க் கிராணியோ மிதிப்பது அரிது. அவ்விடைவெளியை நிரப்பியவர்களில் முதன்மையானவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட்டிலும், பினாங்கில் பினாங்கு ஸ்திரீட்டிலும், கோலாலம்பூரில் அம்பாங் ஸ்திரீட்டிலும் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், சுவரோரம் அடுத்தடுத்துச் சிறு சாய்வு மேசையும் பெட்டியும், ஒவ்வொரு பெட்டியின் முன்னும் தரையில் அமர்ந்த ஒரு மேலாள். இவ்வளவே அந்நாளைய ஏழை எளியவரின் பாங்கு. ஊரிலுள்ள முதலாளியின் முதல், உறவினர் வைத்த வைப்புத்தொகை, ஐரோப்பிய பாங்கிலிருந்து தாங்களே வாங்கிய கடன் ஆகியவற்றைச் சேர்த்து, புரோநோட்டின்மேலும் ஈட்டின்மேலும் பிறருக்குக் கொடுத்தனர். கடன் வாங்கியவர் வீட்டுப் பத்திரத்தையோ நிலக் கிராண்டையோ பெட்டியில் வைத்துவிட்டுப் போவார். கடன் தீரும்வரை அஃது அங்கேயே உறங்கும்.

கணக்கின் போக்கை அறிவதற்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். விலை 10,000 வெள்ளி. கைமுதல் 4,000, கடன் 6,000, வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு வெள்ளி. வாடகை மாதம் 90 வெள்ளியாக ஆண்டுக்கு 1,080 வருகிறது. இதில் வட்டி மட்டும் 720 போய்விடும். முனிசிபாலிட்டி வரி ஆண்டு மதிப்பில் ஐந்திலொன்று என்றால் 216. ஓடு மாற்றல், சாக்கடை, சுண்ணாம்பு ஆகிய செப்பனிடும் வேலைகளுக்கு ஒரு மாத வாடகையான 90. மிஞ்சுவது 54 வெள்ளி! நாலாயிரம் வெள்ளியை முடக்கியவருக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்றரை வெள்ளிகூடக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 36 வெள்ளி கைந்நட்டம். வாடகை 60 ஆக இறங்கினால், வரியும் அதற்கேற்ப 144 ஆகக் குறைந்தாலுங்கூட, நட்டம் 234. கடனின் முதலில் இன்னும் ஒரு காசுகூட அடையவில்லை என்பதையும் கவனிக்க. வாடகை இறங்கியது மூன்றிலொரு பங்குதான். சொந்தக்காரரோ லாபக் கரையிலிருந்து நட்டக் கடலுக்குள் இறங்கிவிட்டார்.

அப்படியானால் அறிவுள்ளவர்கள் ஏன் வாங்கினார்கள்? வீட்டின் விலை ஏறும் என்னும் எதிர்பார்ப்பினால். வாடகை வருவாய் என்று பெயர் சொல்லிக்கொண்டு, உண்மையில் அவர்கள் விலையேற்றத்தின்மீது பந்தயம் கட்டினார்கள். இன்றும் பலர் செய்வது அதுவே.

பந்தயம் தோற்றால் என்ன நேரும் என்பதை 1930-ஐ ஒட்டி எழுந்த உலகப் பொருளாதார மந்தம் காட்டியது. 1925-இன் பிற்பகுதியில் ராத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர், 1932-இல் பத்துக் காசுக்கும் கீழே விழுந்தது. தோட்டத்துப் பால்வாளிக்கும் பட்டணத்துக் கடைவீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். விலை விழுந்ததும் தோட்டங்கள் ஆட்களைக் கழித்தன. லட்சத்துக்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் மீண்டும் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். வேலை போனதோடு லயத்து வீடும் போயிற்று. லயம் வாடகையில்லாத வீடுதான், ஆனால் வேலையோடு சேர்த்துக் கட்டிய வீடு. எஞ்சியவர்களின் கூலி குறைந்தது. கூலி குறையவே தோட்டத்தருகிலுள்ள மளிகைக் கடையில் பற்று நின்றது. அக்கடைக்குச் சரக்கனுப்பிய பட்டணத்து மொத்தக் கடை படுத்தது. அது குடியிருந்த கடைவீட்டின் வாடகை நின்றது. அவ்வாடகையை நம்பிக் கடன் வாங்கியிருந்த சொந்தக்காரர் வட்டி கட்டவில்லை. அவ்வட்டியை நம்பியிருந்த செட்டியார், தாம் வாங்கிய பாங்குக் கடனுக்குப் பதில் சொல்லவேண்டியதாயிற்று. வாடகை வீட்டின் சுவரிலிருந்து வருவதன்று. குடியிருப்பவரின் சம்பாத்தியத்திலிருந்து வருவது. அச்சம்பாத்தியமோ லண்டன் சந்தையில் ரப்பரும் ஈயமும் விற்ற விலையோடு கட்டுண்டு கிடந்தது. மேலே நாம் போட்ட கணக்கில் வாடகை ஒன்றுதான் அசைந்தது, வட்டி அசையவில்லை. நட்டத்தின் மர்மம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கடன் திரும்பாதபோது ஈடு வைத்த சொத்துகள் நகரத்தார் கைக்கு வந்தன. இதனை அவர்கள் பேராசையால் விரும்பிச் செய்தார்கள் என்று அக்காலத்தில் பலர் தூற்றினர். பணத்தைப் புரட்டிப் பிழைப்பவருக்கு விலைபோகாத நிலம் ஒரு சுமையே என்பதை அவர்கள் எண்ணவில்லை. ஆயினும் பார்ப்பவர் கண்ணுக்கு, வட்டிக்கடைக்காரர் நாட்டையே விழுங்குவதாகத்தான் தோன்றியது. மலாய் மாநிலங்களில் 1933-ஆம் ஆண்டில் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் திருத்தப்பட்டு, அந்நிலங்களை மலாய்க்காரரல்லாதவரிடம் ஈடு வைப்பதே தடுக்கப்பட்டது. பர்மாவில் விளைவு இன்னும் கடுமை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் செட்டியார் வசமிருந்த சாகுபடி நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு. 1938-இல் அது 25 பங்கு. குத்தகைக்கு விட்டு வாடகை வாங்கும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டனர். பிறகு போர் வந்தது, சுதந்திரம் வந்தது, 1948-இல் நில தேசியமயச் சட்டமும் வந்தது. பத்திரம் பெட்டியிலேயே இருந்தது, நிலம் இல்லை.

மலாயாவில் போர் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. ஜப்பானியர் அச்சடித்துக் குவித்த வாழைமர நோட்டின் மதிப்பு நாளுக்கு நாள் வீழ்ந்தபோது, போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை அந்நோட்டைக் கொண்டு அடைத்தவர் பலர். போர் முடிந்ததும் நோட்டுகள் செல்லாமற்போயின. அவ்வாறு அடைத்தது அடைத்ததாகுமா என்னும் வழக்குகள் பெருகவே, எவ்வெக்காலத்துச் செலுத்தல் எவ்வளவு கடனைக் கழிக்கும் என்று விதிக்க 1948-இல் தனிச் சட்டமே இயற்றவேண்டியிருந்தது. ஈடு வைத்தவருக்கு இது அதிர்ஷ்டம். ஈடு பிடித்தவருக்கு இடி. கடனாளியே எப்போதும் நசுங்குபவன் என்று எண்ணிவிடலாகாது. பணத்தின் மதிப்பு வீழும் காலத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது.

இனி, வீட்டுக்காரர்கள் எவரும் எதிர்பாராத பங்காளியைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் உலகப் போர்க் காலத்திலேயே இங்கே வாடகைக்கு வரம்பிட்ட சட்டம் ஒன்று தோன்றிச் சில ஆண்டுகளில் மறைந்தது. 1939-இல் மறுபடியும் கட்டுப்பாடு வந்தது. போருக்குப் பின் 1947-இல் சிங்கப்பூரில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உறுதியாக நிலைநாட்டப்பட்டது. 1947 செப்டம்பர் 7-ஆம் தேதி வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு, 1939 ஆகஸ்டு 1-ஆம் தேதி இருந்த வாடகையே அடிப்படை. குடியாளை நினைத்தபோது எழுப்பவும் முடியாது. மலாயாக் கூட்டரசிலும் 1948-இல் இவ்வகைச் சட்டம் ஏற்பட்டது. அங்கே எல்லை 1948 ஜனவரி 31. பின்னர் 1966-இல் அது புதிய சட்டமாக வடிவெடுத்தது.

இச்சட்டம் பிறந்தபோது அது நியாயமானது என்பதே நம் கருத்து. 1931-இல் ஐந்தரை லட்சமாக இருந்த சிங்கப்பூர் மக்கள் தொகை 1947-இல் ஒன்பது லட்சத்து முப்பத்தெட்டாயிரமாகிவிட்டது. இடையில் போர், வீடு கட்டுதல் நின்றுபோயிற்று. அரிசிக்கும் துணிக்கும் தட்டுப்பாடு. அந்நிலையில் வாடகையைச் சந்தையின் போக்கில் விட்டிருந்தால், துறைமுகத் தொழிலாளியும் முனிசிபாலிட்டித் தோட்டியும் அஞ்சடியில்தான் படுத்திருப்பர். பசித்தவனிடம் படியளப்பவன் வைத்ததே விலை என்றால் அதை வியாபாரம் என்று யார் சொல்வார்?

ஆனால் நெருக்கடிக்கு வந்த சட்டம் நெருக்கடி தீர்ந்தபின்னும் நின்றது. சிங்கப்பூரில் ஐம்பதாண்டுகளுக்கு மேலும், மலேசியாவில் ஏறத்தாழ அவ்வளவு காலமும் அது நீடித்தது. ஓட்டின் விலை ஏறிற்று, கொத்தனார் கூலி ஏறிற்று, வாடகை ஏறவில்லை. எனவே சொந்தக்காரர் தம் நட்டத்தைக் கூரையின்மேல் இறக்கினார். ஓடு உடைந்தால் மாற்றுவதில்லை. உத்தரம் செல்லரித்தால் பார்ப்பதில்லை. புதிதாகக் கட்டும் கட்டிடத்துக்குக் கட்டுப்பாடு இல்லையாதலின், பழைய வீடு எப்போது விழும் என்று காத்திருப்பதே சிலருக்கு முதலீடாயிற்று. தம் வீடு இடியவேண்டும் என்று சொந்தக்காரரே விரும்பும்படி ஒரு சட்டம் செய்துவிட்டதென்றால் அதன் கோணலை வேறெப்படி விளக்குவது?

குடியாள்தான் நன்மை பெற்றாரா? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. கடைவீட்டை முழுதாக வாடகைக்கு எடுத்தவர் முதற் குடியாளர். அவர் மேல்மாடியைப் பலகைத் தட்டிகளால் அறை அறையாகத் தடுத்து உள்குடிகளுக்கு விட்டார். சொந்தக்காரருக்கு அவர் கொடுப்பது 1939-ஐ ஒட்டிய வாடகை. உள்குடிகளிடம் அவர் வாங்குவது அன்றன்றைய வாடகை. குடியுரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கும்போது ‘தேநீர்க் காசு’ என்ற பெயரில் கையடியாக ஒரு தொகையும் கைமாறும். தேநீருக்கு அவ்வளவு விலை உலகில் வேறெங்கும் இருந்ததில்லை! 1953-54-இல் கோ கெங் சுவீ சிங்கப்பூரில் நடத்திய வருமானம், குடியிருப்பு பற்றிய ஆய்வும், சைனா டவுனிலுள்ள அப்பர் நான்கின் ஸ்திரீட்டைப் பற்றிப் பாரிங்டன் கே எழுதி 1960-இல் வெளிவந்த நூலும் அந்நாளைய நெருக்கத்தை விவரிக்கின்றன: ஒரு கடைவீட்டில் பல குடும்பங்கள், ஜன்னலற்ற அறைகள், பலருக்கும் பொதுவான ஒரு சமையற்கட்டு. ஆக, சட்டம் காகிதத்தில் பெயருள்ள குடியாளைக் காத்தது. தட்டிக்குப் பின்னால் குடியிருந்த உண்மையான ஏழையை அவர் கையில் விட்டது. வாடகைக்கு வரம்பிட்டவர்கள் உள்வாடகைக்கும் அதே கண்டிப்புடன் வரம்பு காத்திருந்தால் சரித்திரம் வேறாக இருந்திருக்கும்.

வாடகை முடக்கப்பட்ட அதே 1947-இல்தான் வருமான வரியும் வந்தது. சிங்கப்பூரில் வர்த்தகரும் சொத்துடையவரும் கடுமையாக எதிர்த்தனர். கவர்னர் கிம்ஸன் தமக்குரிய தனி அதிகாரத்தைக் கொண்டே அதனை நிறைவேற்றினார். 1948 ஜனவரி 1 முதல் இரு நாட்டிலும் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வீட்டுக்காரர் அறிந்திருந்ததெல்லாம் நிலவரியும், மலாய்க்காரர் ‘சுக்காய் பிந்து’ அதாவது கதவு வரி என்று அழைக்கும் வீட்டுவரியுமே. வீட்டுவரி, அவ்வீடு ஆண்டுக்கு எவ்வளவு வாடகை பெறத்தக்கது என்னும் மதிப்பின்மேல் விதிக்கப்படுவது; வாடகை உண்மையில் வந்ததா என்பது அதற்குக் கவலையில்லை. வருமான வரியோ வந்த வாடகையில் செலவு போக நின்றதன்மேல் விதிக்கப்படுவது. இவ்வேற்றுமையை அறியாமல் மயங்குவோர் இன்றும் உளர்.

குறிப்பாக ஒன்று சொல்லவேண்டும். பாங்குக்கு மாதந்தோறும் கட்டும் தவணை முழுவதையும் வரிக்கணக்கில் கழித்துவிடலாம் என்று எண்ணி வீடு வாங்குவோர் பலர். கழியத்தக்கது வட்டி மட்டுமே. முதலுக்குச் செல்லும் பகுதி கழியாது. மலேசியாவில் வீட்டுவரி, நிலவரி, தீக்காப்புறுதி, செப்பனிடும் செலவு ஆகியவற்றைக் கழிக்கலாம். ஆனால் முதன்முதலில் குடியாளைத் தேடுவதற்குச் செய்த விளம்பரம், ஒப்பந்தப் பத்திரம் போன்றவற்றின் செலவு கழியாது. ஆகவே தவணை கட்டிவிட்டுக் கையில் ஒன்றும் மிஞ்சாதவருக்கும் வரி கட்டவேண்டிய லாபம் காகிதத்தில் இருக்கக்கூடும். சிங்கப்பூரில் ஒரு காலத்தில் வீடு காலியாகக் கிடந்தால் வீட்டுவரியைத் திரும்பக் கேட்கலாம். 2014 முதல் அச்சலுகை நீக்கப்பட்டது. அவ்வாண்டு முதலே, சொந்தக்காரர் குடியிராத வீட்டுக்கு மதிப்பு உயர உயர வரி விகிதமும் உயரும் முறை வந்தது. 2024-இல் அவ்விகிதம் நூற்றுக்கு 12 முதல் 36 வரை சென்றது. விற்று லாபம் பார்க்கலாம் என்பவருக்கும் வழியில் சுங்கச்சாவடி உண்டு. மலேசியாவில் 1974-இல் நில ஊக வாணிப வரியும், அதற்குப் பதிலாக 1976-இல் சொத்து லாப வரியும் ஏற்பட்டது அவசர விற்பனையைத் தடுப்பதற்கே.

வாடகைக் கட்டுப்பாட்டின் முடிவு இரு நாட்டிலும் இருவேறு விதமாக அமைந்தது. சிங்கப்பூர் முதலில் வீடு கட்டியது. 1960-இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளை எழுப்பி, தட்டி அறைகளில் வாழ்ந்தவர்களுக்குப் போக்கிடம் அளித்தது. 1966-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், பொதுக் காரியத்துக்கு வேண்டிய நிலத்தை எடுக்க அரசாங்கத்துக்குப் பரந்த அதிகாரம் கொடுத்தது. 1973-இல் செய்த திருத்தத்தின்படி, இழப்பீடு அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் தேதி மதிப்புக்கு மேற்படாது. பிற்காலத்தில் நிலவிலை எவ்வளவு ஏறினும் வீட்டுக்காரருக்குப் பழைய மதிப்பே. 2007-இல்தான் சந்தை மதிப்பைக் கொடுக்கும் முறை வந்தது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளும் 1970-களில் இவ்வாறு எடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன. எத்தனையோ பேருடைய பத்திரங்களை ஈடு பிடித்திருந்த கூடங்கள் தாமே பத்திரத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேறின. நகர நடுவில் குடியாளருக்கு ஈடு கொடுத்து வீட்டை மீட்க 1969-இல் தனிச் சட்டம் வந்தது. 1988 முதல் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2001-இல் அடியோடு நீங்கியது. அப்போது பெரும்பாலோர் கழகத்து வீடுகளில் குடியேறிவிட்டபடியால் கூக்குரல் எழவில்லை.

மலேசியா சட்டத்தை முதலில் எடுத்தது. 1997 செப்டம்பர் 1-இல் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ரத்தாயிற்று. 1999 முடியும்வரை இடைக்காலம். கட்டுப்பாட்டிலிருந்த வீடுகள் நாட்டிலேயே மிகுதியாக இருந்த இடம் பினாங்கு. ஜார்ஜ் டவுனில் தலைமுறைகளாக ஒரே கடைவீட்டில் தொழில் செய்த தையற்காரர், பிரம்பு பின்னுவோர், மசாலை அரைப்போர், சிறு ஹோட்டல்காரர் ஆகியோருக்குப் புத்தாயிரம் பிறந்த அன்று புது வாடகைச் சீட்டு வந்தது. பல மடங்கு உயர்ந்த அத்தொகையைக் கொடுக்க இயலாதவர்கள் வெளியேறினர். குடியாளர்களுக்காக வாதாட எஸ்.ஓ.எஸ். என்னும் சங்கம் ஒன்றும் தோன்றியது. தாத்தா காலத்து வாடகையை வாங்கிக்கொண்டு வீட்டுவரி கட்டிவந்த சொந்தக்காரரின் பொறுமையையும் நாம் மறக்கலாகாது. ஆயினும் ஐம்பதாண்டு தவறான கணக்கை இரண்டே ஆண்டில் நேர்செய்யப் புகுந்தால், பேரேட்டின் கடைசி வரியில் நிற்கும் எளியவர் தலையிலேயே அது விழும்.

வெளியேறினவர் போக, அவ்விடத்துக்கு அதிக வாடகை கொடுக்கும் புதியவர் உடனே வந்தாரா என்றால், அதுவும் இல்லை. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில சொந்தக்காரர்கள் ஜன்னல்களை அடைத்து, உள்ளே குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, கூட்டுக்காக உழவாரக் குருவிகளைக் குடியேற்றினர். குருவி முன்பணம் கேட்பதில்லை, வழக்குத் தொடுப்பதில்லை, அதன் கூடோ சீனர் விருந்தில் நல்ல விலை போகிறது. ஆனால் 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நகரமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் அப்பகுதியிலுள்ள குருவி வீடுகளை 2013-ஆம் ஆண்டு முடிவதற்குள் அகற்றவேண்டும் என்று உத்தரவாகி, அடைத்த ஜன்னல்களை அவர்கள் மறுபடியும் திறக்கவேண்டியதாயிற்று.